கார்ட் பெட்டியிலிருந்து கைக்கு வந்த சைக்கிள்

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் சைக்கிள் கோச்சியில் வந்தது. 1969ஆம் ஆண்டு. வாப்பா அப்போது கொழும்பு புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் நின்றார். மிச்சம் பிடித்த காசில் ஒரு ரலி வாங்கினார். பச்சை நிறம், கம்பிப் பிரேக், தோல் சீட். ஹேண்டிலுக்கும் பாருக்கும் மண்ணிறக் கடதாசி சுற்றி, சணலால் வரிந்து, கோட்டை நிலையத்தில் பொதியாகப் பதிந்து, மட்டக்களப்பு மெயிலின் கார்ட் பெட்டியில் ஏற்றிவிட்டார். அதே கோச்சியில் மூன்றாம் வகுப்பில் தானும் ஏறினார்.

இரவு முழுக்க நித்திரையில்லை என்பார். மாகோ, கல்ஓயாச் சந்தி, பொலன்னறுவை என்று கோச்சி நின்ற இடமெல்லாம் இறங்கிக் கடைசிப் பெட்டிக்கு ஓடியிருக்கிறார். மற்றப் பொதிகளோடு சேர்த்துத் தன் சைக்கிளையும் யாராவது இறக்கிவிடுவார்களோ என்ற பயம். நாலாம் தடவை ஓடியபோது கார்ட் சிரித்துவிட்டு, விசில் ஊதுமுன் அவரே கையைக் காட்டி, சைக்கிள் உள்ளே பத்திரமாக இருக்கிறது என்று சொன்னாராம்.

மட்டக்களப்போடு தண்டவாளம் முடிகிறது. 1928இல் பாதை திறந்தபோதும் அங்கேதான் முடிந்தது, இன்றும் அங்கேதான் முடிகிறது. அதற்குத் தெற்கே கல்முனை சுமார் 40 கிலோமீற்றர், அக்கரைப்பற்று சுமார் 65 கிலோமீற்றர். வாப்பா நிலைய வாசலில் கடதாசியைப் பிய்த்தெறிந்துவிட்டு, கல்லடிப் பாலத்தால் ஏறி, காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்லாறு, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை என்று மிதித்து, அஸருக்குப் பிறகு எங்கள் ஊரான அக்கரைப்பற்றுக்குள் வந்து சேர்ந்தார். மறுநாள் சுபஹுக்குப் பிறகு அதே சைக்கிளில் சாகாமத்து வட்டைக்குப் போனார். குளத்துக்குக் கீழே எங்களுக்கு இருந்த துண்டு வயலுக்கு அதற்குப் பிறகு முப்பது வருஷம் அந்த ரலிதான் போய் வந்தது.

சைக்கிளைக் கோச்சியில் கொண்டுபோவது என்ற காரியம் எப்படிப் பிறந்தது, கார்ட் பெட்டி சுருங்கியபோது அது எப்படி மடங்கிக் கைக்குள் வந்தது என்று தேடத் தொடங்கியதற்குக் காரணம் வாப்பாவின் அந்த ஓர் இரவு ஓட்டம்தான். தேடத் தேட எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. சைக்கிள் ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பிறப்பது வண்டியை ஓட்டும் தீனி தட்டுப்படும் காலத்தில்தான். தீனி என்பது ஒரு காலத்தில் குதிரைக்குப் போட்டது. பிறகு தாங்கிக்குள் ஊற்றுவது.

முதல் பிறப்பின் வேர் நமக்குக் கிழக்கே இருக்கிற கடலில் கிடக்கிறது. 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்தது. அது கக்கியவை வானத்தில் பரவி வெயிலை மறைத்தன. 1816இல் ஐரோப்பாவில் கோடை என்று சொல்ல ஒன்றும் வரவில்லை. விளைச்சல் பொய்த்தது. ஓட்ஸ் விலை ஏறியது. ஓட்ஸ்தான் அங்கே குதிரைத் தீனி. அதற்கு அடுத்த வருஷம், 1817 ஜூன் 12 அன்று, ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் ட்ரைஸ் என்பவர் இரண்டு மரச் சக்கரங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பொருத்திய ஒரு வண்டியில் ஏறி உட்கார்ந்து, காலால் நிலத்தை உந்தி உந்தி ஓட்டிக் காட்டினார். பெடல் இல்லை, செயின் இல்லை. ஆனால் இரண்டு சக்கரத்தில் மனிதன் விழாமல் போகலாம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. குதிரைத் தீனித் தட்டுப்பாடுதான் ட்ரைஸை இதற்குத் தள்ளியது என்று ஹான்ஸ் எர்ஹார்ட் லெஸ்ஸிங் என்ற ஆய்வாளர் எழுதினார். எல்லா வரலாற்றாசிரியர்களும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. நான் லெஸ்ஸிங் பக்கம் சாய்கிறேன். பிறகு நடந்ததெல்லாம் அதே மாதிரித்தான் நடந்தது.

கோச்சியும் அந்த நூற்றாண்டின் பிள்ளைதான். நம் நாட்டில் முதல் கோச்சி 1864 டிசம்பர் 27 அன்று கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு ஓடியது. அப்போது பிரான்ஸில் சைக்கிள் பெடல் வைத்த வண்டியாக மாறிக்கொண்டிருந்தது. கொஞ்சக் காலத்தில் முன்சக்கரம் ஆள் நெஞ்சளவுக்கு உயர்ந்தது. அந்த உயரச் சக்கரத்தில் ஏறி ஊர் சுற்றுவது வாலிபர்களுக்குப் பெரிய மோகம். 1878இல் இங்கிலாந்தின் ஹரகேட் நகரில் சைக்கிள் பயணிகள் ஒரு சங்கமே தொடங்கிவிட்டார்கள். ஊரை விட்டுத் தூரத்துக்குப் போய் அங்கிருந்து மிதிக்க வேண்டுமானால் கோச்சி வேண்டும். கோச்சியில் ஏற்ற வேண்டுமானால் அந்தப் பெரிய சக்கரத்தை எங்கே வைப்பது?

அதே 1878இல் லண்டனில் வில்லியம் கிரவுட் என்பவர் ஒரு விடை கொண்டுவந்தார். உயரமான முன்சக்கரத்தைத் துண்டு துண்டாகக் கழற்றி, மிச்சத்தையும் சேர்த்து ஒரு பைக்குள் அடக்கிவிடலாம். கழற்றிப் பைக்குள் போட்டுக் கையில் தூக்கிப் போகும் சைக்கிள் என்ற எண்ணம் அவ்வளவு பழையது. ஆனால் அது நிலைக்கவில்லை. கழற்றவும் பூட்டவும் பிடிக்கிற நேரமும் பொறுமையும் ஒரு புறம் இருக்கட்டும், அதற்கு அவசியமே இருக்கவில்லை. கார்ட் பெட்டி இருந்தது.

கார்ட் பெட்டியைப் பற்றி இந்தக் கதையில் கொஞ்சம் நின்று சொல்லியாக வேண்டும். கோச்சியின் வாலில் அல்லது நடுவில் இருக்கும் அந்தப் பெட்டியில் கார்டுக்கு ஒரு இருக்கை, கைப் பிரேக், கொடி, விளக்கு. மிச்ச இடம் முழுக்கப் பொதிக்கு. அகலக் கதவு, தட்டைத் தரை. தபால் மூட்டை, மரக்கறிக் கூடை, ஐஸ் போட்ட மீன் பெட்டி, தையல் மெஷின், எல்லாம் அதற்குள் போகும். பயணிப் பெட்டியின் ஒடுங்கிய வாசலில் ஏறாத சைக்கிள் அங்கே சுகமாக ஏறும். இங்கிலாந்தில் சைக்கிளுக்கென்று தனிச் சீட்டு வந்தது. தூரத்துக்கு ஏற்ற கட்டணம், சேதம் வந்தால் உரிமையாளர் பொறுப்பு. அமெரிக்காவில் சைக்கிள்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அங்கே ரயில் கம்பனிகள் சைக்கிளுக்குத் தனியாகக் காசு கேட்டன. பெட்டியைக் காசில்லாமல் ஏற்றுகிறீர்கள், சைக்கிளுக்கு மட்டும் ஏன் என்று இவர்கள் சட்டசபை வரை போனார்கள். 1896இல் நியூயோர்க் மாநிலம் சட்டமே போட்டது: பயணி கொண்டுவரும் சைக்கிளை ரயில் கம்பனி சாதாரணப் பயணப் பொதியாக, கட்டணமில்லாமல் ஏற்ற வேண்டும். சைக்கிளோடு கோச்சியில் ஏறுவது ஒரு சலுகை என்ற நிலையிலிருந்து உரிமை என்ற நிலைக்கு வந்த நாள் அது.

இடையில் சைக்கிளும் உருமாறிவிட்டது. 1885இல் கொவென்ட்ரி நகரில் ஜோன் கெம்ப் ஸ்டார்லி செய்த ரோவர் சைக்கிளில் இரண்டு சக்கரமும் கிட்டத்தட்ட ஒரே அளவு, செயின் பின்சக்கரத்துக்கு. 1888இல் பெல்பாஸ்டில் ஜோன் பொய்ட் டன்லொப் தன் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயர் போட்டார். அந்த டயருக்கு வேண்டிய றப்பரில் நம் மண்ணுக்கும் பங்கு உண்டு. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைக்க, கன்றுகளில் பெரும் பகுதி இலங்கைக்குத்தான் கப்பலேறியது. கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொடத் தோட்டத்தில் நட்டார்கள். ஆசியாவின் றப்பர்த் தோட்டங்களுக்குத் தாய் வீடு அது. கொழும்பிலிருந்து நம் பக்கம் வரும் கோச்சி கம்பஹாவைத் தாண்டித்தான் வருகிறது. வாப்பாவின் ரலி அந்த இரவில் தன் டயரின் தாய் வீட்டைக் கடந்து வந்திருக்கிறது என்று நினைத்தால் எனக்கு மனம் நெகிழும்.

மடக்கும் எண்ணத்தை அடுத்து வளர்த்தவர்கள் படைக்காரர்கள். 1890களில் பிரெஞ்சுப் படையில் ழெரார் என்ற அதிகாரி, சிப்பாய் முதுகில் தூக்கிப் போகக்கூடிய மடக்குச் சைக்கிளுக்கு வழி செய்தார். இரண்டாம் உலக யுத்தத்தில் பிரிட்டனின் பிஎஸ்ஏ கம்பனி பரசூட் வீரர்களுக்கு நடுவில் மடங்கும் சைக்கிளைப் பல்லாயிரக் கணக்கில் செய்தது. யுத்தம் முடிந்ததும் அந்த வழி அடைபட்டது. துப்பாக்கியோடு குதிப்பவனுக்குச் செய்த வண்டி, சாப்பாட்டுப் பெட்டியோடு வேலைக்குப் போகிறவனுக்குத் தோதுப்படவில்லை.

பிறகு 1956 வந்தது. எகிப்தின் நாசர் சுயஸ் கால்வாயைத் தேசியமயமாக்கினார். பிரிட்டனும் பிரான்ஸும் இஸ்ரேலும் படையெடுத்தன. கால்வாய் அடைபட்டது. இங்கிலாந்தில் பெற்றோல் பங்கீடு வந்தது. கூப்பன் இல்லாமல் கார் ஓடாது. அந்த நாட்களில் அலெக்ஸ் மோல்ட்டன் என்ற பொறியியலாளர் சைக்கிளை எடுத்து மிதிக்கத் தொடங்கினார். மிதிக்க மிதிக்க ஒரு கேள்வி: எழுபது வருஷமாக ஏன் இதே உருவம்? ஏன் இவ்வளவு பெரிய சக்கரம்?

மோல்ட்டன் றப்பர்க் குடும்பத்துப் பிள்ளை. அவருடைய பாட்டனாரின் தகப்பன் ஸ்டீபன் மோல்ட்டன்தான் பதப்படுத்திய றப்பரை அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தவர். அலெக்ஸ், மினி காருக்கு இரும்புச் சுருளுக்குப் பதிலாக றப்பரால் அதிர்வு தாங்கி செய்து பெயர் வாங்கியவர். சின்னச் சக்கரம் குழியில் குதிக்கும், அதனால்தான் பெரிய சக்கரம் என்பது அதுவரைக்கும் எல்லோருக்கும் பாடம். அவர் 16 அங்குலச் சக்கரத்தில் காற்றை இறுக்கி அடைத்தார். குதிப்பைத் தாங்க றப்பரைக் கொடுத்தார். உருளுவது இலகு, சவாரி மெத்தென்று. 1962இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அது வெளியே வந்தது. இரண்டாகப் பிரித்துக் கார் பின்பெட்டியிலோ கோச்சியிலோ வைக்கும் வகையையும் பிறகு செய்தார்.

இதை அவர் முதலில் கொண்டுபோய்க் காட்டியது ரலி கம்பனிக்கு. ரலி வேண்டாம் என்றது. அவரே தன் வீட்டு வளவில் தொழிற்சாலை போட்டார். விற்பனை ஏறியதும் ரலி 1965இல் சின்னச் சக்கரச் சைக்கிள் ஒன்றைத் தானும் இறக்கியது. 1967இல் மோல்ட்டனின் சைக்கிள் தொழிலையே வாங்கிவிட்டது. அதற்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் வாப்பா புறக்கோட்டையில் தன் பெரிய சக்கர ரலியை வாங்கினார்.

1973 ஒக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. சில மாதத்துக்குள் விலை நாலு மடங்கு. அமெரிக்காவில் பெற்றோலுக்குக் கார்கள் தெரு நீளத்துக்கு நின்றன. கலிபோர்னியாவில் டேவிட் ஹொன் என்ற இயற்பியலாளர் அப்படியான ஒரு வரிசையில் நின்றபோதுதான் மடக்குச் சைக்கிளைப் பற்றி யோசித்தார் என்று அவருடைய கம்பனி சொல்கிறது. லேசர் ஆராய்ச்சியை விட்டுவிட்டு 1982இல் தஹொன் கம்பனியைத் தொடங்கினார். இன்று நம் கடைகளில் கிடைக்கும் நடுவில் மடங்கும் சைக்கிள்கள் பலவற்றின் உருவம் அவர் பரப்பிய உருவம்தான்.

அந்தக் காலத்தில் லண்டனில் இருந்தவர் அன்ட்ரூ ரிட்சி. கேம்பிரிட்ஜில் பொறியியல் படித்தவர், ஆனால் தோட்டம் அமைக்கும் தொழில் செய்துகொண்டிருந்தார். ஹாரி பிக்கர்ட்டன் என்பவர் 1970களின் தொடக்கத்தில் அலுமினியத்தில் ஒரு மடக்குச் சைக்கிள் செய்திருந்தார். அதைப் பார்த்த ரிட்சிக்கு, இதைவிடத் திருத்தமாகச் செய்யலாமே என்று பட்டது. 1975இல் தன் படுக்கை அறையிலேயே குழாய்களை வளைக்கத் தொடங்கினார். ஜன்னலுக்கு எதிரே ப்ரொம்ப்டன் ஒரேட்டரி என்ற பெரிய தேவாலயம். அந்தப் பெயரையே சைக்கிளுக்கு வைத்தார். பத்து நண்பர்கள் ஆளுக்கு நூறு பவுண் போட்டார்கள்.

அவரும் இதை ரலியிடம் கொண்டுபோனார். ரலி மறுபடியும் வேண்டாம் என்றது. 1981இல் நண்பர்களிடம் முன்பணம் வாங்கித் தானே செய்து கொடுத்தார். சில நூறு செய்ததும் கைப்பணம் தீர்ந்தது. வாங்கிக்கொண்டிருந்த ஒரு பாகத்தின் உற்பத்தியும் நின்றுபோனது. வருஷக் கணக்கில் படுத்துவிட்டது. ஜூலியன் வெரெக்கர் என்பவர் ஒலிக்கருவிக் கம்பனி நடத்தியவர். ப்ரொம்ப்டன் வாங்கி ஓட்டியவர். இது நின்றுபோகக் கூடாது என்று வங்கிக் கடனுக்கு அவர் பிணை நின்றார். 1988இல் ப்ரெண்ட்போர்டில் ஒரு ரயில் பாலத்தின் வளைவுக்கு அடியில் தொழிற்சாலை திறந்தது. தலைக்கு மேலே கோச்சி ஓட, கீழே கோச்சியில் கொண்டுபோகும் சைக்கிள் உருவானது.

கொழும்பில் ஒரு நண்பரிடம் ஒரு ப்ரொம்ப்டன் இருக்கிறது. அதை அவர் மடித்துக் காட்டியதை நான் குந்தியிருந்து பார்த்தேன். சீட்டைப் பிடித்துத் தூக்கினார். பின்சக்கரம் கதவு மாதிரி முன்னால் சுழன்று சட்டத்துக்குக் கீழே போய் உட்கார்ந்தது. வண்டி தானாகவே நின்றது. நடுச் சட்டத்துப் பிடியைத் திருகித் தளர்த்தினார். முன்சக்கரம் பக்கவாட்டில் திரும்பி வந்து பின்சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டது, ஒரு சின்னக் கொக்கி அதைப் பிடித்தது. ஹேண்டில் கீழே விழுந்தது. சீட் கம்பியை இறக்கினார், அதுவே பூட்டு. கடைசியாக இடது பெடல். ஒரு பாத்திஹா ஓதி முடிக்கிற நேரம். இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் செயின் அடைபட்டிருக்கிறது. அதனால் கிரீஸ் சாரனில் படாது, பக்கத்தில் நிற்பவரின் உடுப்பிலும் படாது. நெரிசலில் நிற்கிறவனுக்காக யோசித்த மூளை அது. பின்னால் ஒரு றப்பர்க் கட்டை அதிர்வைத் தாங்குகிறது. மோல்ட்டன் காட்டிய வழி.

இதெல்லாம் ஏன் லண்டனில், ஏன் அந்தக் காலத்தில்? கார்ட் பெட்டி போய்க்கொண்டிருந்தது. 1977இல் பிரிட்டிஷ் ரயில்வே சைக்கிளைக் கட்டணமில்லாமல் ஏற்ற விட்டது. சைக்கிள்காரர்களுக்கு நல்ல காலம். ஆனால் எண்பதுகளில் வந்த புதிய கோச்சிகளில் பொதிக்கென்று தனி இடம் மிகக் குறைவு. தபாலும் பொதியும் லொறிக்குப் போய்விட்டன. காலையும் மாலையும் அலுவலகக் கோச்சிகளில் முழுச் சைக்கிளுக்கு அனுமதியில்லை என்ற கட்டுப்பாடு ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. மடித்த சைக்கிள் மட்டும் எந்த நேரத்திலும் ஏறலாம், அது பயணப் பை. 1878இல் கிரவுட் கொண்டுவந்த எண்ணத்துக்கு நூறு வருஷம் கழித்து அவசியம் வந்தது.

டென்மார்க்கில் வேறு வழி எடுத்தார்கள். கோபன்ஹேகன் நகரக் கோச்சிகளில் 2010இலிருந்து சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை. பெட்டியையே அகலமாக்கி, மடக்கிருக்கையும் சக்கரம் நிறுத்தும் இடமும் வைத்தார்கள். சைக்கிளோடு ஏறுகிறவர்கள் பல மடங்கு கூடினார்கள். மனிதனைச் சைக்கிளை மடிக்கச் சொல்வதைவிட, கோச்சி கொஞ்சம் இடம் விடுவது பெரிய மனது என்று எனக்குப் படுகிறது. நமக்கு அருகே கொச்சி மெட்ரோவும் 2020 நவம்பரில் சைக்கிளைக் கட்டணமில்லாமல் உள்ளே விட்டது.

நம் நாட்டில் கொழும்புக்கு வேலைக்கு வருகிறவர்கள் இன்றும் நிலையத்துக்குப் பக்கத்து வளவுகளில் காசு கொடுத்துச் சைக்கிளை விட்டுவிட்டு ஏறுகிறார்கள். இறங்கும் இடத்தில் நடை, அல்லது பஸ், அல்லது ஓட்டோ. மிதிபலகையில் தொங்கி வரும் கோச்சிக்குள் சைக்கிளை எங்கே கொண்டுபோவது? தூர இடத்துக்கென்றால் வாப்பா செய்தது மாதிரிப் பொதியாகப் பதிந்து கார்ட் பெட்டியில் போடலாம்.

2022இல் எங்களுக்கும் எண்ணெய் வற்றியது. ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளைத் தவிர மற்ற யாருக்கும் எரிபொருள் இல்லை என்று அரசாங்கம் அறிவித்தது. பிறகு கியூஆர் அட்டை வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர். சிறுபோக வேளாண்மை வெட்டுக் காலம். அறுவடை மெஷினுக்கு டீசல் இல்லாமல் முற்றிய கதிரைப் பார்த்துக்கொண்டு வரம்பில் உட்கார்ந்திருந்தவர்களைச் சாகாமத்து வட்டையில் நான் பார்த்தேன். இரவு இரண்டு மணிக்கு வரிசையில் போட்ட மோட்டார் சைக்கிளுக்கு மறுநாள் பகல் வரைக்கும் முறை வரவில்லை. மூன்றாம் நாள் அதை வீட்டுக்கு உருட்டி வந்து, கோடிக்குள் கிடந்த ரலியை இழுத்து வெளியே எடுத்தேன். வாப்பா மௌத்தாகிப் பதினொரு வருஷம். ரிம் துருப்பிடித்திருந்தது. சாகாம வீதியில் சைக்கிள் திருத்துகிற காக்கா டயரும் ரியூபும் மாற்றித் தந்துவிட்டு, கூலியில் பாதியைத்தான் எடுத்தார். "உங்கட வாப்பாட வண்டி மகன், இதுல நான் உழைக்க ஏலாது" என்றார்.

அந்த மாதங்களில் கல்முனைத் தெருவில் எத்தனை வருஷமாகக் காணாத ஆட்களைச் சைக்கிளில் கண்டேன்! வாத்தியார்மார், கிளார்க்மார், கடை முதலாளிமார். மீன் வியாபாரிகள் மட்டும் ஒருநாளும் சைக்கிளை விட்டதில்லை. கரியலில் பெட்டியைக் கட்டி ஊதிக்கொண்டு வருகிறவர்களுக்கு அது புதுக் காலமாகத் தெரியவில்லை.

கொழும்புக்கு மாதம் இரண்டு தடவை போய் வர வேண்டிய வேலை எனக்கு. அடுத்த வருஷம் கொழும்பில் பாவித்த மடக்குச் சைக்கிள் ஒன்று வாங்கினேன். தஹொன் உருவத்தில் செய்த மலிவான வண்டி, 20 அங்குலச் சக்கரம், நடுவில் ஒரு மடிப்பு, ஹேண்டிலில் ஒரு மடிப்பு. ஒரு நிலையத்தில் வாசலில் நின்றவர் மறித்தார். சைக்கிள் என்றால் பொதிக் கந்தோருக்குப் போய்ப் பதிய வேண்டும் என்றார். கோச்சி புறப்படப் பத்து நிமிஷம். அவருக்கு முன்னாலேயே மடித்து, கொண்டுபோன சாக்குப் பையைப் போர்த்தி, கையில் தூக்கினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வழி விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கையிலிருந்த சட்டத்துக்கு இது என்ன பொருள் என்று யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் சொல்லிக் கொடுக்க வேண்டும். மடித்த சைக்கிள் பயணப் பை என்று ஒரு வரி எழுதி வாசலில் ஒட்டினால் போதும். மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரைக்கும் பாதை போட வேண்டும் என்று எங்கள் பக்கத்தார் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்கள். அது வருகிறபோது வரட்டும். அதுவரைக்கும் மட்டக்களப்புக் கோச்சியில் ஒரு பெட்டியின் கோடியில் நாலு முழுச் சைக்கிள் நிற்க இடம் விடலாமே. இறங்கியபின் 65 கிலோமீற்றர் போகிறவனுக்கு அது எவ்வளவு என்று அங்கே இறங்கிப் பார்த்தால் தெரியும்.

இரவுக் கோச்சியில் எனக்கு எதிரே ஏறாவூருக்குப் போகும் ஒரு மூத்தம்மா. சீட்டுக்குக் கீழே நான் தள்ளிய சாக்கை விரலால் தட்டினார்.

"என்ன மகன், இதுக்குள்ள என்ன இரிக்கி? இரும்பாட்டம் தட்டுப்படுது."

"சைக்கிள் உம்மா."

"சைக்கிளா? எந்தப் பக்கம்?"

சாக்கை விலக்கிக் காட்டினேன். குனிந்து சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார். தன் மாப்பிள்ளை ஒரு காலத்தில் பொலன்னறுவைக்குச் சாரன் விற்கப் போனபோது சைக்கிளைக் கார்ட் பெட்டியில்தான் போட்டுக்கொண்டு போவார் என்றும், அதற்குத் தருகிற துண்டைப் பொட்டணத்துக்குள் பத்திரமாக முடிந்து வைப்பது தன் வேலை என்றும் சொன்னார். யுத்தக் காலத்தில் கோச்சி வராமல் நின்றபோது அந்தச் சைக்கிளும் போய்விட்டதாம். வெலிக்கந்தை தாண்டும்வரைக்கும் அந்தச் சைக்கிளைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். அதன் மணிச்சத்தம் கேட்டால் வீட்டுச் சேவலும் கூவுமாம்.

மட்டக்களப்பில் இன்னும் இருள் விலகவில்லை. மேடையில் சாக்கைக் கழற்றி, நடுப் பூட்டை இறுக்கி, ஹேண்டிலை நிமிர்த்தி, சீட்டை உயர்த்தினேன். கல்லடிப் பாலத்தில் ஏறும்போது வாவியிலிருந்து குளிர் காற்று. காத்தான்குடிக்குள் நுழைய சுபஹு பாங்கு சொன்னது. இறங்கித் தொழுதேன். சின்னச் சக்கரம், வாப்பாவைப் போல் ஒரே மிதியில் போக முடியவில்லை. களுவாஞ்சிக்குடியில் ஒரு தேத்தண்ணி, கல்முனையில் சாப்பாடு, நிந்தவூரில் மர நிழலில் அரை மணித்தியாலம். அக்கரைப்பற்றில் வீட்டுக்குள் போகாமல் நேரே சாகாம வீதியில் திருப்பினேன். வட்டையில் அன்று தண்ணீர் விடுகிற நாள்.

குளக்கட்டில் வட்டவிதானை நின்றுகொண்டிருந்தார். வாப்பாவோடு சேர்ந்து வயல் செய்தவர். சைக்கிளை இரண்டு தடவை மடித்து விரிக்கச் சொன்னார். மூன்றாம் தடவை தானே செய்து பார்த்தார். பூட்டு இறுகியதா என்று உள்ளங்கையால் தட்டிப் பார்த்துவிட்டு, ஏறி, குளக்கட்டு நீளத்துக்கும் ஓட்டிக்கொண்டு போனார். மதகு வரைக்கும் போய்த் திரும்பி வந்து, கால் ஊன்றி நின்று, மட்டக்களப்பில் இறங்கியது எத்தனை மணிக்கு என்று கேட்டார்.